தபித்தாளுக்குப் போர்த்திய பொன்னாடை

என் மனைவி தபித்தாளுக்குப் போலீஸ் ஸ்டேஷன் சார்பில் பொன்னாடை போர்த்தினார்கள். அதற்குப் பதிலாக அவளை இரண்டு நாள் லாக்கப்பில் போட்டிருந்தால்கூட இந்த எஸ்டேட் லைனில் அவளுக்குக் கொஞ்சம் மரியாதை மிஞ்சியிருக்கும். கோபத்தில் உளறுகிறேன் என்று நினைக்க வேண்டாம். கோபம் இருக்கிறது, நிறையவே இருக்கிறது. ஆனால் நான் சொல்வது நடந்ததைத்தான்.

கீழ் கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் இருக்கிறோம். நான் கொழுந்து லாரி ஓட்டுகிறேன், தபித்தாள் கொழுந்து பறிக்கிறாள். லைன் வீடுகள் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே ஒட்டிக்கொண்டு நிற்பவை. பக்கத்து வீட்டில் மிளகாய் தாளித்தால் நம் வீட்டில் தும்மல் வரும். அந்தப் பக்கத்து வீடு விஜயனுடையது. அவன் பெண்டாட்டி ஷைனாவும் தபித்தாளும் அடுத்தடுத்த நிரையில் பறிப்பார்கள், மத்தியானம் டிபன் பாக்ஸை மாற்றிக்கொண்டு சாப்பிடுவார்கள். விஜயன் கை நீட்டும் நாட்களில் ஷைனா ஓடிவந்து எங்கள் அடுப்படியில் உட்கார்ந்துகொள்வாள். அவனும் வாசல்வரை வந்து கத்திவிட்டுப் போய்விடுவான். தபித்தாள் முகத்தைப் பார்த்தபின் உள்ளே கால் வைக்கும் தைரியம் அவனுக்கு வராது.

விஜயன் பாட்டில் விற்றான். டாஸ்மாக் கடை திறப்பதற்குள் தாகம் எடுக்கும் ஆட்களுக்கு அவன் வீட்டு விறகு அடுக்குதான் கடை. காலை ஷிப்டுக்குப் போகும் பேக்டரி ஆட்கள் அங்கே நின்று ஊற்றிக்கொண்டு போவார்கள். அப்படிப் போனவர்களில் ஒருவன் தபித்தாளின் தம்பி ஸ்டெபின். ஒரு நாள் போதையோடு ரோலர் மெஷினில் கொழுந்தைத் தள்ளிவிடப் போனவனின் வலது கையில் மூன்று விரல்கள் கொழுந்தோடு போய்விட்டன.

அவன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரம், பீட் போலீஸ்காரர் ஆறுக்குட்டி வழக்கம்போல லைனுக்கு வந்தார். நல்ல மனுஷன், கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர். எல்லா வீட்டிலும் நின்று "ஏனுங்க, ஏதாச்சும் பிரச்சனைங்களா?" என்று கேட்பார். எல்லோரும் "ஒண்ணுமில்லீங்க" என்பார்கள். அன்றைக்குத் தபித்தாள் அவரை உள்ளே கூப்பிட்டு, விறகு அடுக்கின் எந்த மூலையில் பாட்டில் இருக்கிறது என்பதுவரை சொல்லிவிட்டாள்.

"எம்பேரு மட்டும் வெளிய வரக் கூடாதுங்க. பக்கத்து ஊடு. நாளைக்கும் அவ மூஞ்சிலதான் நான் முழிக்கணும்."

"எங்கம்மா மேல சத்தியமுங்க்கா, வராது."

வரவில்லை. போலீஸ் வந்தது, பாட்டில்களை எடுத்தது, விஜயனையும் கூட்டிக்கொண்டு போனது. சொன்னது யார் என்று லைன் மண்டையை உடைத்துக்கொண்டது. ஒருவர்கூடத் தபித்தாளை நினைக்கவில்லை. அவன் உள்ளே இருந்த நாட்களில் ஷைனாவின் கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்தது. தேயிலைக் காட்டில் அவள் சிரிக்கும் சத்தம் ரோட்டில் லாரியை நிறுத்தியிருக்கும் எனக்கே கேட்டது.

அப்புறம்தான் வந்தது, போலீஸ் பொதுமக்கள் நல்லுறவுக் கூட்டம்.

எஸ்டேட் சமுதாயக் கூடத்தில் மேடை போட்டார்கள். ஸ்டேஷனுக்குப் புதிதாக வந்திருந்த எஸ்.ஐ. ஷண்முகப்ரியா மேடம் மைக்கைப் பிடித்தார். சின்ன வயது, சுத்தமான மனசு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பொய்யான மனசாக இருந்திருந்தால் எங்களுக்கு இவ்வளவு சேதம் வந்திருக்காது. நம் ஊரில் மேடை என்று ஒன்று போட்டால் யாருக்காவது பொன்னாடை போர்த்தியாக வேண்டுமே. எஸ்டேட் மேனேஜருக்கு ஒன்று, பாஸ்டர் ஐயாவுக்கு ஒன்று, யூனியன் தலைவருக்கு ஒன்று. கைதட்டல். நான்காவதாக, "நம்ம காவல் நிலையத்துக்குத் துணையா இருக்கற சகோதரி தபித்தாள் அவர்களை மேடைக்கு அழைக்கிறேன்" என்றார்.

தபித்தாள் என்னைப் பார்த்தாள். ஆறுக்குட்டியைத் தேடினேன். அவர் கூடத்தின் ஓரத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். கூப்பிட்டபின் போகாமல் இருக்க முடியுமா? போனாள். சரிகைக் கரை போட்ட பொன்னாடை அவள் தோளில் விழுந்தது. இந்த முறை கைதட்டியது மேனேஜரும் பாஸ்டரும் மட்டும்தான். ஷைனா இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவள் முகம் மெல்ல மெல்ல மாறியதை நான் பார்த்தேன். மேனேஜருக்குப் பதவி இருக்கிறது, பாஸ்டருக்குச் சபை இருக்கிறது, தலைவருக்கு யூனியன் இருக்கிறது. கொழுந்து பறிக்கிற பொம்பளைக்குப் போலீஸ் எதற்காகப் பொன்னாடை போர்த்துகிறது? லைன் ஆட்களுக்கு இதைப் புரிந்துகொள்ள ஒரு நிமிஷம்கூடத் தேவைப்படவில்லை.

கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது மேடம் என்னிடம் பெருமையாகச் சொன்னார்: "பாத்தீங்களா சார், கேஸைப் பத்தி ஒரு வார்த்தை பேசலை. விஜயன் பேரையே எடுக்கலை. ஒருத்தரைப் பாராட்டினா இன்னும் நாலு பேர் தைரியமா முன்னுக்கு வருவாங்க."

என் வாயில் டீ இருந்தது. அதனால் தப்பித்தார்.

மறுநாள் ஷைனா மேஸ்திரியிடம் கேட்டு வேறு நிரைக்குப் போய்விட்டாள். மற்றவர்கள் பேசவும் இல்லை, திட்டவும் இல்லை. தபித்தாள் போனால் பேச்சு நின்றுவிடும், அவ்வளவுதான். குழாயடியில் அவள் குடத்தை வைத்தால் கோடி வீட்டு இசக்கியம்மா அதைக் காலால் நகர்த்திக் கடைசிக்குத் தள்ளுவாள். வரிசை முடியும்போது தண்ணீரும் நின்றிருக்கும். இதெல்லாம் போகட்டும். யாருக்காகப் போய்ச் சொன்னாளோ, அந்த ஸ்டெபின் வந்து வாசலில் நின்று சொன்னான்:

"எனக்குக் கை போனது பத்தாதாக்கா? மூஞ்சியும் போகணுமா? போலீஸ்காரி தம்பின்னு பேக்டரியில சிரிக்கறாங்க."

அன்று ராத்திரி தபித்தாள் சாப்பிடவில்லை.

விஜயன் ஜாமீனில் வந்தான். எல்லோரும் நலம் விசாரித்தார்கள், ஏதோ தீர்த்த யாத்திரை போய் வந்தவனைப் போல. விறகு அடுக்கிலிருந்து கடை கோழிக்கூண்டுக்கு மாறியது. அந்த வாரமே எங்கள் வீட்டுக்குப் பின்னால் போட்டிருந்த கேரட், பீன்ஸ் எல்லாம் வேரோடு பிடுங்கப்பட்டுக் கிடந்தன. நான் ஸ்டேஷனுக்குப் போனேன்.

"யாராவது பாத்தாங்களா சார்?" என்று மேடம் கேட்டார்.

"லைனே பாத்திருக்கும் மேடம். ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க."

"மக்கள் ஒத்துழைப்பு இல்லாம நாங்க என்ன பண்ண முடியும்?" உண்மையாகவே வருத்தப்பட்டுத்தான் கேட்டார். வருத்தப்பட்டதோடு நிற்கவில்லை, பாதுகாப்பும் கொடுத்தார். தினமும் ஆறுக்குட்டி எங்கள் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்று உத்தரவு.

அன்றிலிருந்து சாயங்காலமானால் போலீஸ் பைக் எங்கள் வாசலில் நிற்கும். கொஞ்சநஞ்சம் சந்தேகம் வைத்திருந்தவர்களுக்கும் அது தீர்ந்துபோனது. ஆறுக்குட்டி உள்ளே வந்து உட்கார்ந்து டீயைப் பார்த்துக்கொண்டே இருப்பார். "மேடத்துகிட்ட பொன்னாடை வேண்டாமுன்னு எவ்வளவோ சொன்னனுங்க்ணா. மரியாதை செய்யறதுல என்ன தப்புன்னு கேட்டாங்க" என்று ஒரு தடவை சொன்னார். அதற்கு மேல் அவரைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தோம். சுவருக்கு அந்தப் பக்கம் விஜயன் கத்தினான். பாத்திரம் விழுந்தது. ஷைனா அலறினாள். முன்பெல்லாம் அந்த அலறலுக்கு அடுத்தது எங்கள் கதவு தட்டப்படும் சத்தம்தான். தபித்தாள் சோற்றில் கை வைத்தபடி கதவையே பார்த்தாள். யாரும் தட்டவில்லை. லைனில் ஒவ்வொரு வீடாக டிவி சத்தம் கூடியது. நான் போனை எடுத்தேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வேண்டாங்க."

"அடிச்சே கொன்னுருவான்டி."

"அவ வரட்டும். அவளா வந்தா நான் வெட்டுப்பட்டாலும் நிப்பேன். நாம கூப்பிட்டா, மறுபடியும் நானு காட்டிக் குடுத்தவ."

அவள் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் அலறலும் நின்றுவிட்டது.

மறுநாள் ஷைனா கோத்தகிரி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். கை எலும்பு முறிந்து, காது கிழிந்து. படியில் வழுக்கிவிட்டதாகச் சொன்னாளாம். டாக்டர் நம்பாமல் ஸ்டேஷனுக்குச் சொல்ல, மேடம் நேராக லைனுக்கு வந்துவிட்டார். வீடு வீடாகக் கேட்டார். இசக்கியம்மா வீட்டில் டிவி ஓடியதாம். இன்னொரு வீட்டில் தூங்கினார்களாம். கடைசியில் எங்கள் வாசலுக்கு வந்தார். லைன் முழுவதும் வெளியே வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தது. விஜயனும் கோழிக்கூண்டுப் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

மேடத்தின் கண் கலங்கியிருந்தது. "நீங்க ஒருத்தராவது சொல்லுங்கம்மா. பக்கத்துச் சுவரு. உங்களுக்குக் கேக்காம இருக்காது. நீங்க சொன்னா இன்னிக்கே அவனைத் தூக்கிடுவேன்."

தபித்தாள் விஜயனைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. மேடத்தின் முகத்தைத்தான் பார்த்தாள்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலீங்க மேடம்."

"அம்மா..."

"கேக்கலீங்க. அப்பறம், அந்த பைக்கை இனிமே எங்க ஊட்டு முன்னால நிறுத்த வேண்டாமுன்னு சொல்லிருங்க."

மேடம் போன பிறகு அவளைத் திட்ட நினைத்தேன், நான் மட்டும் யோக்கியமா என்று தோன்றியது. போன் என் கையில்தானே இருந்தது.

சாயங்காலம் குழாயில் தண்ணீர் வந்தது. தபித்தாள் குடத்தை எடுத்துக்கொண்டு போனாள். நான் வாசலில் நின்று பார்த்தேன். வழக்கம்போல வரிசையின் கடைசியில் போய் நின்றாள். இசக்கியம்மா திரும்பிப் பார்த்தாள். குழாயடியில் இருந்த தன் குடத்தை நகர்த்தி இடம் விட்டாள்.

"என்ன தபித்தா அங்க நிக்கற? வா, நீ மொதல்ல புடி."

யாரோ ஏதோ சொல்ல, நாலைந்து பேர் சிரித்தார்கள். எத்தனையோ நாளாக அவளுக்குக் கிடைக்காத சிரிப்பு. அவள் முன்னால் போய்க் குடத்தை வைத்தாள். குடம் நிறைந்து வழிந்த பிறகும் குழாயை மூடாமல் நின்றாள். அப்புறம் தூக்கிக்கொண்டு வந்து அடுப்படியில், ஷைனா எப்போதும் உட்காரும் இடத்தில் இறக்கி வைத்துவிட்டு, வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள். சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்டுவிடக் கூடாது என்று.