செம்மை ஏறாத நெற்றி

கார்முகில்கள் சவ்வாது மலையின் முகடுகளில் தங்கித் தங்கி நகர்ந்துகொண்டிருந்த கார்த்திகைத் திங்களின் முற்பகற்பொழுது அது. ஆண்டின் பெரும்பகுதியும் வெறும் மணற்பரப்பாய்க் கிடந்து, அவ்வழியே செல்வோரால் ஆறென்றே மதிக்கப்படாத கமண்டல நாகநதி, அவ்வாண்டு செந்நீர் பெருக்கி, இருகரை நாணலையும் சாய்த்துக்கொண்டு ஆரணி நகரின் அருகே விரைந்தது. சேவூர்க் கழனிகளில் நெற்பயிர் நீரில் நின்று தலையசைக்க, வீதிதோறும் கைத்தறிகளின் சீரோசையும் விசைத்தறிகளின் பேரிரைச்சலும் ஒன்றையொன்று வெல்ல முயல, சாயந்தோய்த்த பட்டுக் கற்றைகள் வெயில் முகம் காணாமல் வீட்டு முகப்புகளில் சொட்டிக்கொண்டிருந்தன. மழைநாளில் நெசவூர்க்கு வாய்க்கும் துன்பம் ஒன்றுண்டு, கற்றறிந்த அன்பரே: எதுவும் உலர்வதில்லை. சாயம் உலராது, துணி உலராது, சுவர் உலராது. அவ்வாண்டு ஹேமலதா என்னும் இளம்பெண்ணின் மாடி அறையில் அச்சு மையும் உலரவில்லை.

ஹேமலதா பட்டு நெய்யும் குடியில் பிறந்தவள். ஆயினும் தறிக்குழியில் கால் வைக்காதவள். சென்னையில் விளம்பரப் படம் வரையும் வேலையை, பிறர் சொற்படியே வரைந்து வரைந்து கை சலித்துப்போனதனால் விட்டொழித்து, பிறந்த வீட்டுக்குத் திரும்பி, மாடி அறையையே தன் தொழிற்கூடமாக்கிக்கொண்டாள். மரப்பலகையில் உருவத்தை இடவலம் மாற்றி எழுதி, வேண்டாதவற்றை உளியால் செதுக்கி நீக்கி, எஞ்சிய மேட்டில் உருளையால் மை பூசி, பருத்தித் தாளை அதன்மேல் விரித்துக் கரண்டியின் முதுகால் பொறுமையாய்த் தேய்த்து எடுப்பாள். உள்ளங்கை அளவான அவ்வச்சுப்படங்களைக் கைப்பேசி வழியே உலகுக்குக் காட்டி, விரும்பினோர்க்கு அஞ்சலில் விடுத்து வாழ்ந்தாள். வரைபவளும் அவளே, அச்சிடுபவளும் அவளே, உறையிலிட்டு ஒட்டுபவளும் அவளே. அதனால் அவளுக்குப் பெருமிதம் இருந்தது; இருக்கட்டுமே, தன் கையை நம்பி உண்பவர்க்கு அது கூடாதா என்ன? ஆனால் அப்பெருமிதத்தின் நிழலிலேயே, தன் கண்ணுக்கு அழகானது எவர்க்கும் அழகே என்னும் செருக்கொன்றும் ஓசையின்றி வளர்ந்திருந்தது.

ஊர் முகங்களை வரிசையாய் அச்சிட எண்ணியவள் முதற்கண் தேர்ந்தது, தன் தெருவிலேயே இராட்டையில் பட்டிழை சுற்றும் ரேணுகாம்பாளின் முகத்தை. ரேணுகாம்பாள் அவளுக்கு அத்தை முறை, ஐம்பதைக் கடந்தவள், கணவர் கமலக்கண்ணன் தறியில் நெய்ய, அவர்க்கு வேண்டிய இழையைச் சுற்றிச் சுற்றிக் கொடுத்தே விரல்நுனி தேய்ந்தவள். அவள் நெற்றியில் இடும் குங்குமம் தெருமுனையில் நிற்பவர்க்கும் தெரியும். படம் எழுத அமர்ந்த பொழுதெல்லாம் சிரிப்பை அடக்க மாட்டாமல் தவித்தாள்.

“இன்னா பாப்பா, என் மூஞ்சியப் போயி யாரு வாங்குவாங்க?” என்றவள், எழுந்து போகுமுன் ஒன்றே ஒன்று கேட்டாள். “மூக்குத்தி சரியா வராட்டியும் போவுது. பொட்டு மட்டும் நல்லாப் பெருசா வெச்சிடு, இன்னா?”

“வெக்காம இருப்பனா அத்த? அதுக்குன்னே தனியா ஒரு கட்ட செதுக்கி, செவப்பு மையில வெக்கறேன்,” என்றாள் ஹேமலதா.

சொன்னவண்ணம் செதுக்கவும் செய்தாள். முகத்துக்கு ஒரு பலகை, பொட்டுக்குச் சுண்டுவிரல் நகத்தளவில் உருண்டையாய் ஒரு சிறு கட்டை. முதலில் கருமையை அச்சிட்டு, அது நன்றாய் உலர்ந்தபின்னரே செம்மையை இடல் வேண்டும். ஈரத்தின்மேல் ஈரம் ஏறினால் இரண்டும் கலங்கிப் படமே பாழாகும். மழையோ விட்டபாடில்லை. கொடியில் கவ்வி மாட்டிய தாள்களை நாள்தோறும் தொட்டுத் தொட்டுப் பார்த்துச் சலித்தவள், ஒரு காலையில், செம்மை ஏறாத அந்நெற்றியை நோக்கி அப்படியே நின்றுவிட்டாள். கூட்டி மெழுகியும் கோலமிடாத வாசலைப்போல் அது அமைதியாய் இருந்தது. இதற்குமேல் எதற்கு இன்னொரு நிறம் என்று அவள் கலைநெஞ்சம் கேட்டது. கேட்ட நெஞ்சுக்கு மறுமொழி சொல்ல அருகில் எவரும் இல்லை. படத்தை ஒளிப்படமாக்கி, கீழே “ரேணுகாம்பாள், ஆரணி” என்று பெயரும் எழுதி, இணையத்தில் விற்பனைக்கு வைத்தாள். அவள் வேறெந்தப் படத்துக்கும் கண்டிராத வரவேற்பு அதற்குக் கிட்டியது. உலர்ந்தவை உலர்ந்தபடியே பொட்டின்றி அஞ்சலேறின.

அதே நாள்களில்தான் கமலக்கண்ணனுக்கு நெஞ்சுவலி கண்டு வேலூர் மருத்துவமனைக்குக் கொண்டுசென்றிருந்தனர். வண்டி அமர்த்திக் கொடுத்தவளே ஹேமலதாதான். இதைச் சொல்லாமல் விட்டால் யாம் அவளுக்கு வேண்டியவர் ஆவோமே அன்றி உண்மைக்கு வேண்டியவர் ஆகோம். கணவர் உயிருக்குப் போராடுவதும் அறிவாள், மனைவியின் நெற்றி வெறுமையாய் ஊர்ஊராய்ச் செல்வதும் அறிவாள். இவ்விரண்டையும் ஒருசேர எண்ணிப் பார்க்கத்தான் அவளுக்குத் தோன்றவில்லை. நெசவுத்தெருவில் பிறந்து வளர்ந்த பெண்ணுக்கு இது எப்படி மறந்தது என்று நீங்கள் கேட்டால், எமக்கும் அது விளங்கவில்லை.

கலசப்பாக்கத்தில் ரேணுகாம்பாளின் தம்பி சக்கரவர்த்தி இருந்தான். அவன் மகள் எவரோ அனுப்பியதாகக் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினாள். அத்தையின் முகம், கருநிறம், கீழே பெயர், நெற்றியில் ஒன்றுமில்லை. நம் நாட்டில் பிறந்தார்க்கு இதற்கு உரை வேண்டுமா? மாமனுக்கு நெஞ்சுவலி என்று முன்பே அறிந்திருந்த சக்கரவர்த்தி பதறித் தமக்கையை அழைத்தான். மருத்துவமனையில் மின்னேற்ற வழியின்றி அவள் கைப்பேசி அணைந்து கிடந்தது. வேறெவரையும் கேளாமல் அதையே அவன் சான்றாகக் கொண்டான். கணவனை இழந்தவளுக்குப் பிறந்த வீட்டார் போர்த்தும் கோடிப்புடவை ஒன்றும், போளூர்க் கடைத்தெருவில் பெரிய மாலை ஒன்றும் வாங்கிக்கொண்டு, கண்ணீர் வழிய ஆரணிப் பேருந்தில் ஏறினான்.

ஊழின் கொடுமையை என்னென்பது! மகன் கோகுல்ராஜைக் கணவரின் அருகில் இருத்திவிட்டு, மாற்றுத்துணி எடுத்துச் செல்லும்பொருட்டு, கண்ணமங்கலம் வழியே வந்த வேலூர்ப் பேருந்திலிருந்து ரேணுகாம்பாளும் அந்நேரமே ஆரணியில் இறங்கினாள். எதிரே தம்பி, அவன் தோளில் மாலை, கையில் கோடி. புறப்படும்பொழுது கணவர் கண்விழித்துத் தலையசைத்தாரே என்று எண்ணியவள், தான் வழியில் இருந்த நேரத்துக்குள் எல்லாம் முடிந்து, செய்தி தனக்கு முன்னே தம்பிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதென்றே துணிந்தாள்.

“அக்கா! மாமா போய்ட்டாராக்கா!” என்று அலறினான் அவன்.

“எப்போடா? நான் பாத்துட்டுத்தானேடா வந்தேன்! அய்யோ, நான் வந்துகினு இருக்கும்போதேவா!” என்று கதறினாள் அவள்.

அவன் அழுகை அவளுக்குச் செய்தியாயிற்று. அவள் கதறல் அவனுக்கு உறுதியாயிற்று. பேருந்து நிலையத்தின் சேற்றுத் தரையில் அப்படியே விழுந்த ரேணுகாம்பாள், மார்பிலும் தலையிலும் அறைந்துகொண்டு, பிறர் வந்து செய்ய வேண்டியதைத் தானே செய்பவளாய், புறங்கையால் நெற்றிக் குங்குமத்தை அழுந்தத் துடைத்து அழித்தாள். கூடியிருந்த பெண்டிர் கண்களைப் பொத்திக்கொண்டனர். அவர்களுள் ஒருத்தி தன் கைப்பேசியைத் தந்து, மகனை அழைத்துக் கேட்கச் சொன்னாள்.

“அப்பாவுக்கு இன்னா? ஒக்காந்து கஞ்சி குடிச்சிகினு கீறாரு,” என்றான் கோகுல்ராஜ். “நீ ஏம்மா அழுவுற? துணி எட்த்துகினு ஜல்தியா வா.”

பிழைத்தோம் என்று மகிழ்ந்திருக்கலாம். அவளால் இயலவில்லை. உயிரோடிருக்கும் கணவருக்காகத் தன் கையாலேயே பொட்டை அழித்துக்கொண்டோமே என்னும் எண்ணம் அவளை உலுக்கிற்று. தம்பி காட்டிய படத்தைக் கண்டாள். நேரே ஹேமலதாவின் வீட்டு மாடி ஏறினாள். கூச்சலிடவில்லை. கூச்சலிட்டிருந்தால் ஹேமலதாவுக்கு எளிதாய் இருந்திருக்கும்.

“ஒண்ணே ஒண்ணுதானேடி கேட்டேன்?” என்றாள் ரேணுகாம்பாள். “என் கையாலயே அழிச்சிக்கினேன்டி. ஊரு பாக்க அழிச்சிக்கினேன்.”

“அத்த, அழகா இருக்குதுன்னு...” என்று தொடங்கினாள் ஹேமலதா. தன் வாயிலிருந்து வந்த சொல் தனக்கே அருவருப்பாய் இருந்தது.

அன்றே படத்தை நீக்கினாள். வாங்கியோர் ஒவ்வொருவர்க்கும் நடந்ததை மறையாது எழுதித் திருப்பியனுப்ப வேண்டினாள். பலர் அனுப்பினர், சிலர் மறுமொழியும் தரவில்லை. கமலக்கண்ணன் தேறி வீடு வந்தார். மார்கழிப் பனியில் வாசலில் நாற்காலி இட்டு அமர்ந்து போவோர் வருவோரோடு பேசவும் செய்தார். பின் ஒரு விடியலில், பேச்சின்றிப் போய்ச் சேர்ந்தார். அவர் நெஞ்சின் நோய் படத்துக்கு நெடுநாள் முன்னரே குடிபுகுந்தது. தாளில் மை ஏறாமையால் எவரும் மாள்வதில்லை. இதை யாம் அறிவோம், நீங்களும் அறிவீர். ஹேமலதாவும் தனக்குத்தானே நூறுமுறை சொல்லிக்கொண்டாள். சொல்லியும், இழவு வீட்டுக்குப் போனவள் உள்ளே செல்லத் துணியாது தெருவிலேயே நின்று திரும்பினாள்.

தை பிறந்தது. வானம் வெளுத்தது. திரும்பிவந்த படங்களையும் பலகையையும் ஒன்றாய் எரித்துவிடக் கருதி ஹேமலதா எடுத்து அடுக்கிக்கொண்டிருந்த பிற்பகலில், ரேணுகாம்பாள் மாடியேறி வந்தாள். காரியம் முடிந்திருந்தது. அந்நெற்றி, அச்சில் இருந்ததுபோலவே இருந்தது. ஹேமலதா அவள் காலில் விழக் குனிந்தாள். ரேணுகாம்பாள் விலகி நின்றாள்.

“எய்ந்திரு. நீ வெக்காததால அவரு போவல, அது எனக்குத் தெரியும். ஆனா அன்னிக்கு என் கையாலயே அழிச்சேன் பாரு, அத நெனச்சா இப்பவும் உன்மேல வவுறு எரியுது. மன்னிச்சிட்டேன்னு பொய் சொல்ல மாட்டேன்.”

“பின்ன எதுக்கு வந்தீங்க அத்த?”

“அந்தப் பொட்டுக் கட்டைய எடு.”

ஹேமலதா இழுப்பறையிலிருந்து அதை எடுத்தாள். ஒருமுறையேனும் மை காணாத கட்டை. ரேணுகாம்பாள் அதை உள்ளங்கையில் வைத்து, விரலால் அதன் வட்டத்தைத் தடவினாள்.

“தொட்டில்ல கெடக்கும்போதே எங்கம்மா எனக்குப் பொட்டு வெச்சாங்க. அப்ப அவரு யாருன்னே எனக்குத் தெரியாது. அவரு கூடவே இது ஏன் போவணும்?” என்றாள். “நெத்தியில வெச்சா தெருவே பேசும். அத தாங்கற தெம்பு எனக்கு இல்ல. காயிதத்துல வெச்சா யாரு இன்னா கேக்கப் போறாங்க? நானே வெக்கறேன். மைய மட்டும் நீ போட்டுக் குடு.”

ஹேமலதா கண்ணாடிப் பலகையில் செம்மையை உருட்டிக் கொடுக்க, ரேணுகாம்பாள் கட்டையைத் தோய்த்து முதல் தாளில் பதித்தாள். சற்றே கோணிற்று. “பரவால்ல, வெடியகாத்தால அவசரத்துல வெச்சா இப்பிடித்தான் இருக்கும்,” என்று தனக்குள் சொல்லிக்கொண்டு அடுத்ததை இழுத்தாள். இராட்டை பழகிய கை விரைவில் தேர்ந்தது. தாள் தாளாய்த் தன் நெற்றியைத் தானே நிறைத்துக்கொண்டு வந்தாள். இடையிடையே முன்றானையால் கண்ணைத் துடைத்தாள். ஒரு தாளையும் விடவில்லை. முடிந்ததும் அவள் விரல்களெல்லாம் சிவந்திருந்தன. மண்ணெண்ணெய்த் துணியை வாங்கி, நகக்கண் முதல் ஒவ்வொரு விரலையும் தேய்த்து, சிவப்பு துளியும் எஞ்சவில்லை என்பதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து உறுதி செய்துகொண்ட பின்னரே படியிறங்கினாள்.

“இத்தயெல்லாம் அனுப்பிச்சிடு,” என்று கீழிருந்து குரல் வந்தது. “ஒண்ணையும் வெச்சிக்காத.”

அவ்வாறே வாங்கியோர்க்குத் திரும்ப அனுப்பினாள். அன்று முதல், ஒரு முகத்தை அச்சிட்டால் அம்முகத்துக்கு உரியவரிடம் முதற்படியைக் காட்டி, அவர் தலையசைத்த பின்னரே பிறர்க்குக் காட்டுகிறாள். பிறர் முகம் நம் கைக்கு அடைக்கலமாய் வருவது, அதில் நம் விருப்பம் இரண்டாவதே என்பதைக் கற்க அவள் கொடுத்த விலை அவளுடையதன்று, அன்பரே, அதுதான் பொறுக்கவொண்ணாதது.

பெயரறியாத் தொலைநகர்களின் சுவர்களில் இன்று ரேணுகாம்பாள் செம்பொட்டு ஒளிரச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். சேவூர்ச் சாலையருகே அந்தத் தெருவில் அவளே, வெறும் நெற்றியோடு அமர்ந்து, அடுத்தவர் தறிக்கு இழை சுற்றிக்கொண்டிருக்கிறாள். கடைக்கு அவ்வழியே போகும் ஹேமலதா, “வரேன் அத்த” என்கிறாள்; “போய்ட்டு வா” என்று மறுமொழியும் வருகிறது; ஆயினும் அந்நெற்றியை நிமிர்ந்து நோக்க அவளுக்கு இன்னும் கண் துணியவில்லை.