பதின்மூன்று முடியாத பிள்ளைகள்

செல்வமேரிக்குப் பதினான்கு வயது முடிந்துவிட்டது என்று சவுரிமுத்து மாஸ்டர் வந்து சொன்னபோது சரசு மண்ணெண்ணெய் வாங்கக் கிளம்பிக்கொண்டிருந்தாள். காலி கேனைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

"இன்னா மாஸ்டர் சொல்றீங்க? அவளுக்கு இன்னும் பதிமூணே ஆவலையே."

"ஸ்கூல் ரெக்கார்டுல அப்படித்தாம்மா இருக்கு. பாஸ்போர்ட்டுக்காக எல்லாப் பிள்ளைங்க தேதியையும் எழுதி வாங்கினேன். பதினேழு பேருக்குச் சரியா இருக்கு. நம்ம செல்விக்கு மட்டும்தான் இடிக்குது."

அது 1989 ஏப்ரல் மாதம். மாஸ்டர் மேற்குத் தாம்பரத்தில் மாதா கோயிலை ஒட்டிய பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியார். முந்தைய வருஷம் பிள்ளைகளைப் பாடவைத்து ஒரு கேசட் பதிவு செய்து ஹங்கேரி நாட்டுக்கு அனுப்பியிருந்தார். ஜூலையில் அங்கே ஒரு ஊரில் பல நாட்டுப் பிள்ளைகளுக்குப் பாட்டுப் போட்டி. கேசட்டைக் கேட்டுவிட்டு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. பயணச் செலவை வெளிநாட்டுச் சபை ஒன்று ஏற்றுக்கொண்டது. நிபந்தனை ஒன்றுதான் கண்டிப்பானது. போட்டி தொடங்கும் நாளில் எந்தப் பிள்ளைக்கும் பதின்மூன்று முடிந்திருக்கக் கூடாது. ஒரு பிள்ளைக்கு முடிந்திருந்தாலும் குழு மொத்தமும் வெளியே.

செல்வி இல்லாமல் போகலாம்தான். ஆனால் இரண்டாவது பாட்டைத் தனியாக எடுத்துக்கொடுப்பது அவள். கேசட்டில் கேட்டதும் அவள் குரல்தான்.

"எழுதனவங்க தப்பா எழுதியிருப்பாங்க மாஸ்டர்," என்றாள் சரசு. "நான் பெத்தவ, எனக்குத் தெரியாதா?"

மறுநாள் அவள் ஆயாவாக வேலை செய்யும் நர்சிங் ஹோமில் அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். கிளார்க் ஒரு பெரிய ரிஜிஸ்தரைத் திறந்து விரலால் தேடிப் படித்தார். "அ. செல்வமேரி. தகப்பனார் அந்தோணிசாமி. பதினொண்ணு, ரெண்டு, எழுபத்தஞ்சு."

"ரெண்டுன்னா பிப்ரவரியா? எம்பொண்ணு வேளாங்கண்ணில கொடியிறக்கற அன்னிக்கிப் பொறந்தவ சார். செப்டம்பர் மாசம். எழுபத்தாறு."

"ஞானஸ்நான சர்டிபிகேட்டைப் பாத்துதாம்மா எழுதியிருக்காங்க. இதோ நம்பர்கூட கீது. உங்க வீட்டுக்காரர் கையெழுத்தும் கீது."

சரசுவுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்க வரும், அவ்வளவுதான். ரேங்க் கார்டு இங்கிலீஷில் இருக்கும். அதில் கையெழுத்துப் போடுவது எப்போதும் அந்தோணிசாமிதான். எண்ணைப் பார்த்தாள், கையெழுத்தைப் பார்த்தாள், ஒன்றும் விளங்கவில்லை. கோயிலில்தான் தப்பாக எழுதிவிட்டார்கள் என்று முடிவு செய்துகொண்டு வெளியே வந்தாள்.

பள்ளிக்கூட ஹாலில் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. போட்டிக்கு வரும் எல்லாக் குழுக்களும் அந்த நாட்டுப் பாட்டு ஒன்றைப் பாட வேண்டும். மாஸ்டர் அதைத் தமிழ் எழுத்தில் கரும்பலகையில் எழுதியிருந்தார். பிள்ளைகள் அதைப் பார்த்து மனப்பாடம் செய்தார்கள். முதல் கடிதத்தில் அது ஒரு பறவையைப் பற்றிய பாட்டு என்று இருந்தது. இரண்டாவது கடிதத்தில் யாரோ ஒருத்தி கிணற்றடியில் காத்திருப்பதைப் பற்றியது என்று இருந்தது. அதனால் சிரித்த முகத்தோடு பாடுவதா, சோகமாகப் பாடுவதா என்று மாஸ்டருக்கே தெரியவில்லை. ஒரு நாள் அப்படி, ஒரு நாள் இப்படிப் பாடவைத்தார். அங்கே ஜூலையில் பனி பெய்யும், ஸ்வெட்டர் வேண்டும் என்று ஒருவர் சொன்னார். நம் ஊர் மாதிரியே வெயில் கொளுத்தும் என்று இன்னொருவர் சொன்னார். சித்திரை வெயிலில் தாம்பரம் மார்க்கெட்டில் ஸ்வெட்டர் கேட்டுப் போன தாய்மார்களைக் கடைக்காரர்கள் ஒரு மாதிரிப் பார்த்தார்கள்.

ஜன்னல் வழியாக அம்மாவைப் பார்த்த செல்வி வெளியே ஓடிவந்தாள்.

"இன்னாம்மா சொன்னாங்க? நான் போறேனா இல்லையா?"

"போவ, போவ. எழுத்துல ஏதோ தப்பு. நான் பாத்துக்கறேன், நீ போய்ப் பாடு."

அன்று மாலையே சரசு கோயில் ஆபீசுக்குப் போனாள். சாமியாருக்குத் துணையாக உபதேசியார் லாசரஸ் நாற்பது வருஷமாக அங்கேயே இருப்பவர். விஷயத்தைக் கேட்டுவிட்டு பீரோவிலிருந்து பழைய ஞானஸ்நானப் பதிவேட்டை எடுத்துத் தூசி தட்டினார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"கரெக்டாத்தானே கீது. செல்வமேரி, அந்தோணிசாமி, சரசு மகள். லூர்து மாதா திருநாள்ல பொறந்தது."

சரசு பதிவேட்டின் பக்கம் குனிந்தாள்.

லூர்து மாதா திருநாள். எண்ணாகச் சொன்னபோது உறைக்காதது இப்போது உறைத்தது. அது பிப்ரவரி பதினொன்று. அன்று பிறந்தவள் வேறு செல்வமேரி. கல்யாணமாகி இரண்டாவது வருஷம் பிறந்து, ஐந்தாம் மாதம் வயிற்றுப்போக்கில் இரண்டே நாளில் போய்விட்ட குழந்தை. அடுத்து பிறந்ததும் பெண்ணாக இருக்கவே, போனவளே திரும்பி வந்தாள் என்று அந்தோணிசாமி அதே பெயரை வைத்தார். அதற்குப் பிறகு மூத்தவளைப் பற்றி வீட்டில் யாரும் பேசியதில்லை. செல்விக்கு அப்படி ஒருத்தி இருந்ததே தெரியாது.

"அண்ணே," என்றாள் சரசு. "எழுபத்தாறுல பாருங்க. ஞானஸ்நானம் அக்டோபர்ல."

லாசரஸ் இன்னும் சில பக்கங்களைத் தள்ளினார். அங்கேயும் ஒரு செல்வமேரி இருந்தாள். அதே அப்பா, அதே அம்மா. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். பிறகு நினைவு வந்தவர்போல மெதுவாகத் தலையாட்டினார்.

அந்தோணிசாமி குரோம்பேட்டையில் ஒரு கிரில் பட்டறையில் வெல்டர். வேலை முடிந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தவரிடம் சரசு நேராகவே கேட்டாள்.

"யோவ், இன்னாயா பண்ணி வச்ச? பெரியவ சர்டிபிகேட்ட எதுக்குயா ஸ்கூல்ல குட்த்த?"

அவர் முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைக்கவில்லை. யார் சொன்னது என்றும் கேட்கவில்லை. வாசல்படியில் உட்கார்ந்து சொன்னார்.

"அப்போ நீ வேலைக்குப் போவ ஆரம்பிச்சே. புள்ளைய வச்சுக்க ஆளில்ல. மூணே முக்கால் வயசுக்கு ஸ்கூல்ல சேத்துக்க மாட்டேன்னாங்க. அஞ்சு ஆவணும்னாங்க. பொட்டில அந்தச் சர்டிபிகேட் இருந்துச்சு. பேரும் ஒண்ணு. எடுத்துக்கினு போனேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே."

"சொன்னா நீ அழுவ."

சரசு அழவில்லை. அவள் தலைக்குள் எல்லாம் தாறுமாறாக ஓடியது. ஒன்பது வருஷமாக வகுப்பில் பெயர் கூப்பிடும்போது 'உள்ளேன் மிஸ்' என்று சொன்னது யார்? பள்ளிக்கூடப் புத்தகத்தில் வளர்ந்து, எட்டாவது வரைக்கும் வந்து, பாட்டுக்குப் பரிசு வாங்கியது யார்? அப்படிப் பார்த்தால் பெரியவள் அங்கே சாகவே இல்லை. சின்னவள்தான் அந்தப் புத்தகத்தில் இல்லாமல் இத்தனை நாள் உட்கார்ந்திருக்கிறாள்.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. அஞ்சு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே மூன்றே முக்கால் வயதில் உட்காரவைத்த பெண். கணக்கு வராது என்று அடி வாங்கினாள். நாலாவதில் பெயிலானாள். "மண்டையில ஒண்ணும் ஏறலம்மா" என்று டீச்சர் சொன்னபோது சரசுவும் வீட்டில் சேர்ந்து அடித்திருக்கிறாள். பாட்டு ஒன்றுதான் அவளுக்குச் சுலபமாக வந்தது.

ஹெட்மிஸ்ட்ரஸ் சிஸ்டர் கண்டிப்பானவர், ஆனால் கெட்டவரில்லை. இரண்டு சான்றிதழ்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"ஒரே பேர், ஒரே அப்பா அம்மா, ரெண்டு தேதி. நாளைக்கு மேலதிகாரி என்னைக் கேட்பாங்க. என் ஸ்கூல்ல படிக்கறது எந்தப் பொண்ணு? இன்னொரு பொண்ணு எங்கேன்னு கேட்டா நான் என்ன சொல்ல?"

"அது செத்துப்போச்சு சிஸ்டர்."

"அதுக்கு ஏதாவது பேப்பர் இருக்கா?"

பேப்பர் கோயிலின் அடக்கப் பதிவேட்டில் இருந்தது. ஒரே வரி: 'செல்வமேரி, ஐந்து மாதம்.' லாசரஸ் அதைப் பார்த்து எழுதிக்கொடுக்க, பங்குச் சாமியார் முத்திரை போட்டார். அடுத்து நோட்டரி வக்கீலிடம் அபிடவிட் என்ற பிரமாணப் பத்திரம். டைப் அடித்த தாளை வக்கீல் குமாஸ்தா தமிழில் சொல்லிக் காட்டினான். 'எங்கள் மூத்த மகள் செல்வமேரி இறந்துவிட்டாள் என்றும்...' அந்த இடத்தில் நிறுத்தி, கையெழுத்துப் போடும்படி பேனாவை நீட்டினான். அந்தோணிசாமி போட்டுவிட்டார். சரசு பேனாவை வாங்கிக்கொண்டு சும்மா இருந்தாள்.

"இன்னாம்மா, யோசிக்கிறீங்க?" என்றான் குமாஸ்தா.

எதை யோசிக்கிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை. சின்னவளைப் புத்தகத்தில் ஏற்ற பெரியவளை இறக்க வேண்டியிருந்தது. பதினாலு வருஷம் கழித்து இன்னொரு தரம். பெயரை எழுதும்போது 'ர'வுக்குப் பிறகு 'சு' வரவேண்டியது மறந்துபோய்த் திரும்ப எழுதினாள்.

செல்விக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அம்மாவும் அப்பாவும் சேர்ந்து உட்காரவைத்துச் சொன்னார்கள். அவள் முதலில் சிரித்தாள். பிறகு கேள்வி கேட்க ஆரம்பித்தாள்.

"அப்போ நான் எந்த கிளாஸ்ல இருக்கணும்?"

"ஏழாவது இல்ல ஆறாவது இருக்கும்," என்றார் அந்தோணிசாமி.

"நான் அப்போ பெயிலே ஆவலியா?"

சரசு அவள் பின்னலைப் பிரித்துத் திரும்பப் பின்னத் தொடங்கினாள்.

"அக்கா எப்படி இருந்தாங்க?"

"உன்ன மாதிரிதான்," என்றாள் சரசு. சொன்ன பிறகு அது நிஜமா என்று சந்தேகம் வந்தது. ஐந்து மாதக் குழந்தையின் முகம் அவளுக்குச் சரியாக ஞாபகம் இல்லை. நினைக்கப் போனால் செல்வியின் முகம்தான் வந்தது.

அந்த வாரம் முழுக்கப் பயிற்சியில் செல்வி தடுமாறினாள். எடுத்துக்கொடுக்க வேண்டிய இடத்தில் மாஸ்டர் 'செல்வமேரி' என்று கூப்பிட்டும் எடுக்காமல் நின்றாள். மாஸ்டர் ஆர்மோனியத்தை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"ஏம்மா, இன்னா ஆச்சு?"

"யாரையோ கூப்பிடறீங்கன்னு நெனச்சேன் சார்."

மாஸ்டர் மறுபடியும் முதலிலிருந்து வாசித்தார்.

சிஸ்டர் தானே செங்கல்பட்டுக் கல்வி அதிகாரி ஆபீசுக்கு நேரில் போய்த் திருத்தத்துக்கு உத்தரவு வாங்கிவந்தார். ரிஜிஸ்தரில் சிவப்பு மையால் பழைய தேதியை அடித்துப் புதியதை எழுதினார்கள். பாஸ்போர்ட் மற்ற பிள்ளைகளுக்கு வந்து மூன்று வாரம் கழித்து, பயணத்துக்கு ஐந்து நாள் முன்னால், செல்விக்கும் வந்தது. அதில் இருந்த தேதியை அந்தோணிசாமி இரண்டு தரம் வாய்விட்டுப் படித்தார். எட்டு, ஒன்பது, எழுபத்தாறு.

பதினெட்டுப் பிள்ளைகளும் சென்ட்ரலில் ரயிலேறி டெல்லி போய், அங்கிருந்து விமானம் பிடித்தார்கள். போன இடத்தில் பனியும் இல்லை, கொளுத்தும் வெயிலும் இல்லை. இருபத்தாறு குழுக்களில் இவர்கள் பதினைந்தாவதாக வந்தார்கள். அந்த நாட்டுப் பாட்டைச் சிரித்த முகத்தோடு பாடிவிட்டார்கள். அது சோகப் பாட்டு என்று அப்புறம்தான் தெரிந்தது. ஆனால் செல்வி எடுத்துக்கொடுத்த பாட்டுக்குக் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியதாம். அதை மாஸ்டர் வந்து சொன்னார். செல்வி வந்து சொன்னதெல்லாம் ரொட்டி கல்லு மாதிரி இருந்தது, ஒரு ஆற்றில் நீலமாகத் தண்ணீர் ஓடியது என்பதுதான். பள்ளிக்கூடத்தில் அவள் ஒன்பதாவதிலேயே தொடர்ந்தாள். திரும்பக் கீழே போக அவள் ஒப்புக்கொள்ளவில்லை.

நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். அதுவரை ஒரு வருஷமும் போகாதவர்கள் அந்த வருஷம் மூன்று பேருமாகப் போனார்கள். போகலாம் என்று கேட்டது செல்விதான். சாயந்திரம் நாலரை மணி இருக்கும். எல்லாக் கல்லறைகளிலும் செவ்வந்தியும் மெழுகுவர்த்தியுமாக இருந்தது. கூட்டத்தில் விலகி விலகி நடந்தார்கள்.

அந்தோணிசாமி மதில் ஓரமாக ஒரு மண்மேட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றார். "இங்கதான்."

"இங்கயா? அந்தப் பக்கம்யா. புளியமரத்துக்கு நேரா. நான் ரோட்லேர்ந்து பாத்துக்கினு இருந்தனே."

"தூக்கிக்கினு வந்தது நானு. எனக்குத் தெரியாதா? அப்போ மதிலே கெடையாது."

"மதில் இல்லன்னா எத வச்சி இங்கன்னு சொல்ற?"

அந்தோணிசாமி நாலு பக்கமும் பார்த்தார். பதினாலு வருஷத்தில் நிறையப் பேர் வந்து சேர்ந்திருந்தார்கள். சிமென்ட் கல்லறைகள், புதிய சிலுவைகள். அவர் இரண்டடி நகர்ந்து நின்றார். திரும்பப் பழைய இடத்துக்கே வந்தார். சரசு புளியமரத்தடிக்குப் போய்ப் பார்த்தாள். அங்கே யாரோ ஒரு பெரியவரின் கல்லறையில் பேரன் பேத்திகள் பூ வைத்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கும் உறுதியாகத் தெரியவில்லை.

"எங்க வைக்கட்டும்மா?" என்றாள் செல்வி, மெழுகுவர்த்திக் கட்டைப் பிரித்தபடி.

ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் வெவ்வேறு பக்கம் கை காட்டினார்கள். செல்வி, அப்பா காட்டிய இடத்துக்கும் அம்மா காட்டிய இடத்துக்கும் நடுவே வெறும் மண்ணில் குந்தி, காற்றைக் கையால் மறைத்துக்கொண்டு தீக்குச்சியை உரசினாள்.