ஐந்தாம் இலக்கச் சட்டை

இதில் ஒரு சொல்லும் கூட்டிச் சொல்லப்படவில்லை. கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யலாம். ஆனால் தீயணைப்பு மணி அலறும் என்று, ஈமச்சடங்கு நடத்தும் மலர்ச்சாலைக்காரர்கள் விடமாட்டார்கள். ஆகவே, பெட்டிக்குள் கிடக்கும் மாமாங்கத்தின் மேல் சத்தியம்.

காலை எட்டேமுக்காலுக்கு அந்த மலர்ச்சாலையின் பெண்கள் கழிவறையில், மாமாங்கத்தின் மகள் தேனுகா கை உலர்த்தும் இயந்திரத்தின் கீழே ஒரு பழந்துணியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இயந்திரம் கொஞ்சம் ஊதிவிட்டு நின்றது. துணியை அசைத்தாள். மறுபடி ஊதியது. ஒரு காலத்தில் சிவப்பும் கறுப்புமாய்க் கோடு போட்டிருந்த துணி. இப்போது இரண்டு கோடும் சாம்பல் நிறம். நடுவில் தைத்திருந்த 5 என்ற இலக்கம் மட்டும் பிழைத்திருந்தது.

ஐந்து நாட்களுக்கு முன்னர் ஆஸ்பத்திரியில் மாமாங்கம் அவள் கையைப் பிடித்து, "எனக்குப் பட்டு வேட்டி சால்வை ஒண்டும் வேணாம் புள்ள. அந்த அஞ்சாம் நம்பர் சட்டையப் போட்டு அனுப்பு" என்றார்.

"ஓம் அப்பா."

அது அவருடைய கடைசி ஆசை என்று சொல்ல முடியாது. அதற்குப் பிறகு ஒரு கிண்ணம் ஜெலோ கேட்டார்.

அவர் போன அன்று தேனுகா அலுமாரி முழுவதையும் கிளறினாள். தாய் கோணேஸ்வரி கட்டிலில் இருந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தச் சட்டையா? அது எப்பவோ கிழிஞ்சு போச்சு. ரெண்டு மாரியா அதாலதான் பல்கனி துடைக்கிறன்."

"அப்பாக்குத் தெரியுமா?"

"தெரியாமலா? அவர்தானே பிழிஞ்சு காயப்போடுறவர்."

தேனுகா பல்கனிக்குப் போய் வாளிக்குள் கையை விட்டாள்.

மாமாங்கம் சொன்ன கணக்குப்படி, 1968இல் ஆரையம்பதியிலிருந்து புறப்பட்டு, வட இங்கிலாந்தில் ஒரு பஞ்சாலை ஊரில் ஐந்து வருடம் றக்பி லீக் ஆடினார். ஓர் அணிக்குப் பதின்மூன்று பேர். முட்டை வடிவப் பந்தை இடுக்கிக்கொண்டு, இடிக்க வருகிறவர்களைத் தாண்டி ஓடி, கோட்டுக்கு அப்பால் நிலத்தில் ஊன்ற வேண்டும். ஒருமுறை அவர் நாலு பேரை முதுகில் சுமந்துகொண்டு கோட்டைத் தாண்டினார். திரும்பிப் பார்த்தால் தொங்கியவர்களில் ஒருவர் நடுவர். இன்னொருமுறை கடும் பனிமூட்டத்தில் கோடு தெரியாமல் ஓடி, மைதானத்தை விட்டு வெளியேறி, மூன்றாம் தெருவில் இருந்த இறைச்சிக் கடையின் மேசையில் பந்தை ஊன்றினார். நடுவர் அங்கேயே வந்து மூன்று புள்ளி கொடுத்தார். கடைக்காரர் அரை றாத்தல் ஈரல் கொடுத்தார்.

இவ்வளவு பெரிய ஆட்டக்காரரைப் பற்றி எந்தப் பத்திரிகையிலும் ஒரு வரி இல்லை. அந்தக் காலத்தில் கறுத்தவன் பெயரை எவன் எழுதினான் என்பது அவருடைய பதில். பிறகு கனடா வந்து, மிசிசாகா விமான நிலையத்தில் இருபத்துநாலு வருடம் பெட்டி தூக்கினார்.

தேனுகாவுக்குப் பதினைந்து வயதில், சித்தப்பா வீட்டுப் பிறந்தநாள் ஒன்றில், அவள் ஒரு வத்தகப்பழத்தைப் பந்தாக இடுக்கிக்கொண்டு அப்பாவைப் போலவே கதை சொல்லி ஓடிக் காட்டினாள். வந்திருந்த சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் மாமாங்கம். அதற்குப் பிறகு அவர் வீட்டில் றக்பி பேசவில்லை. பால் பையை இடது கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மாடிக் குடியிருப்பின் லிப்டில் அகப்பட்ட அயலவர்களுக்கு மட்டும் சொன்னார்.

மரண அறிவித்தலைச் சித்தப்பா இராஜரட்ணம் எழுதினார். விளையாட்டுக் கழகமொன்றின் தலைவர், எந்தச் சாவீட்டிலும் மைக் அவர் கையில்தான். 'ஆரையம்பதியைப் பிறப்பிடமாகவும் கனடா அஜின்கோர்ட்டை வதிவிடமாகவும் கொண்ட முன்னாள் துடுப்பாட்ட வீரர்' என்று போட்டிருந்தார்.

"சித்தப்பா, இங்கிலாந்து எங்க? அப்பா எப்ப கிரிக்கெட் விளையாடினவர்?"

"இஞ்ச பார் தேனு, றகர், றக்பி எண்டு போட்டால் சனம் விசாரிக்கும். இங்கிலாந்து எண்டால் இன்னும் விசாரிக்கும். கிரிக்கெட் எண்டால் ஒருத்தரும் ஒண்டும் கேக்கமாட்டாங்கள்."

அன்று பின்னேரம் தேனுகா இரண்டு கதவு தள்ளி இருக்கும் ஹரல்டிடம் போனாள். எண்பத்தொரு வயதுத் தனிக்கட்டை. அவர் பேசும் ஆங்கிலம் பாதிதான் விளங்கும். ஆகவே அவர் இங்கிலாந்துக்காரர் என்று அந்த மாடி முழுவதும் எப்போதோ முடிவு செய்திருந்தது. தேனுகா அரைப் பக்கம் எழுதிக் கொடுத்தாள். 1970இல் மாமாங்கம் ஆடியதைக் கண்ணால் கண்டதாக அவர் வாசிக்க வேண்டும்.

பொய்யா என்று கேட்டார் ஹரல்ட். ஓம் என்றாள். சாப்பாடு உண்டா என்று கேட்டார்.

இப்போது துணி காய்ந்துவிட்டது. தேனுகா உடலைப் பார்வைக்கு வைத்திருந்த மண்டபத்துக்குப் போனாள். சனம் வரத் தொடங்கவில்லை. பட்டுச் சால்வையை விலக்கி, அப்பாவின் இடது கைக்கும் விலாவுக்கும் இடையில் துணியை மடித்து வைத்தாள். கை விறைத்திருந்தது, தள்ளித்தான் வைக்க வேண்டியிருந்தது. முன்வரிசையில் இருந்த கோணேஸ்வரி அதைக் கண்டார். கண்டுவிட்டுத் தன் செருப்பைப் பார்த்தார்.

பத்தரைக்கு ஹரல்ட் கழுத்துப்பட்டியோடு மைக்குக்கு முன்னால் வந்தார். கடதாசியை வாசித்தார். இந்த மனிதன் றக்பி மைதானத்தில் தன் அணியின் கோட்டிலிருந்து மறு கோடுவரை தனியாக ஓடியதைத் தான் கண்டதாகவும், அதுபோல் பிறகு எவரையும் காணவில்லை என்றும், அவர் பெயரை ஒருவரும் எழுதாமல் விட்டது வெட்கம் என்றும் சொன்னார். மண்டபத்தில் எல்லாருக்கும் ஆங்கிலம் தெரியும். ஹரல்டின் ஆங்கிலம் பெரியவர்கள் ஒருவருக்கும் பிடிபடவில்லை.

இராஜரட்ணம் மைக்கை வாங்கினார்.

"ஹரல்ட் ஐயா என்ன சொல்லுறார் எண்டால், அண்ணை ஒரு அருமையான துடுப்பாட்டக்காரராம். எழுபதாம் ஆண்டு ஒரு மாட்ச்சில கடைசிவரைக்கும் தனியாளா நிண்டு அடிச்சவராம். எத்தினை ரன்ஸ் எண்டு இவருக்கு ஞாபகமில்லையாம்."

"டாட், ஹி செட் றக்பி" என்றான் பக்கத்தில் நின்ற மகன் நிதுசன்.

இராஜரட்ணம் மைக்கைப் பொத்திக்கொண்டு, "வாயப் பொத்து. பதினொண்டே காலுக்கு அடுத்த பெட்டி வருது" என்றார்.

ஹரல்ட் இறங்கி, மரக்கறி ரோல்ஸ் இருந்த மேசைக்குப் போனார்.

பெட்டி மூடுவதற்கு முன்னர் கழகத்தின் சார்பில் ஒரு கிரிக்கெட் மட்டை வந்தது. பதினொரு பேர் கையெழுத்துப் போட்ட புது மட்டை. இராஜரட்ணம் அதை அண்ணனின் நெஞ்சின்மேல் கிடத்தி, கையை எடுத்துப் பிடியில் வைக்கப் பார்த்தார். துணி வெளியே வந்தது.

"சீ! பெட்டி துடைச்ச துணிய உள்ளுக்கே விட்டுட்டுப் போயிருக்கிறாங்கள். என்ன வேலை செய்யிறாங்கள் உவங்கள்!"

இரண்டு விரலால் தூக்கி நிதுசனிடம் கொடுத்தார். அவன் கதவடியில் இருந்த குப்பைத் தொட்டிக்குள் போட்டான்.

தேனுகா வாயைத் திறந்தாள். கோணேஸ்வரி எழுந்து வந்து, மட்டை சரியாமல் சால்வையை அதன் மேல் இழுத்துவிட்டார்.

"மகள், பூப் போடுங்கோ" என்றார் ஐயர்.

தேனுகா பூப் போட்டாள்.

தகனசாலையில் இராஜரட்ணம் பொத்தானை அழுத்தினார். மாமாங்கமும் மட்டையும் உள்ளே போனார்கள்.

திரும்பும்போது மழை. ஹரல்ட் மடியில் ரோல்ஸ் பொட்டலத்தோடு தேனுகாவின் காரில் இருந்தார். இருவருக்கும் நடுவில், கியருக்குப் பக்கத்தில், அந்தத் துணி கிடந்தது. பெட்டி மூடியபிறகு கடதாசித் தட்டுகளுக்கு அடியில் கையை விட்டு அவள் எடுத்தது. ஹரல்ட் அதை எடுத்து விரலில் இருந்த எண்ணெயைத் துடைத்தார். பிறகு தன் பக்கக் கண்ணாடியில் படிந்திருந்த ஆவியைத் துடைத்தார். சிவப்பு விளக்கில் கார் நின்றது.

"நீ எழுதித் தந்ததில் ஒன்று விட்டுப்போய்விட்டது" என்றார் தன்னுடைய ஆங்கிலத்தில். அவர் சொன்னது அவளுக்கு முழுவதும் விளங்கியது அதுதான் முதல் தடவை.

"என்னது?"

"பந்து. அவர் அதை எப்போதும் இடது கக்கத்தில்தான் வைத்திருப்பார். மற்றவர்களைத் தள்ள வலது கை வேண்டுமே. எத்தனை பேர் விழுந்தாலும் கை மாற்றமாட்டார்."

பச்சை விழுந்தது. பின்னால் நின்ற கார் ஹோர்ன் அடித்தது. இன்னொன்றும் அடித்தது.

தேனுகா அவர் கையிலிருந்து துணியை வாங்கினாள். இலக்கம் தெரியும்படி மடித்தாள். அதை இடது கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வலது கையால் மட்டும் வீடுவரை காரை ஓட்டினாள்.

ஹரல்ட் கனடாவின் கிழக்குக் கோடியிலுள்ள நியூஃபவுண்ட்லாந்தில் பிறந்தவர். இந்த நாட்டை விட்டு ஒருமுறைகூட வெளியே போனதில்லை.