பிடுங்கி வைத்த ஃபியூஸ்

சமயநல்லூர் தாண்டி எங்கள் நூல் மில். நான் அங்கே மெயின்டனன்ஸ் இன்ஜினியர். இரண்டாயிரத்து இரண்டில் எலக்ட்ரிகல் வேலைக்கு ஆள் எடுத்தோம். வந்தவர்களில் அசோக்குமாரும் ஒருவன். என் மனைவி கனகலட்சுமியின் தம்பி. அவள் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது.

உயிரோடு இருந்தவரை, தம்பி பி.இ. முடித்ததும் மில்லில் சேர்த்துவிடச் சொல்லிக்கொண்டே இருந்தாள். இன்டர்வியூவுக்கு முதல் நாள் அலங்காநல்லூரிலிருந்து மாமியார் போன் செய்தார்.

"நீங்க இருக்கீகன்னுதான் மாப்ள, வேற எங்கயும் அவன் எழுதிப் போடல."

முதலாளி ஜனகராஜும் சொல்லிவிட்டார். "உங்க மச்சினனுக்கு டெஸ்ட் எதுக்கு? நீங்க சரின்னா சரி."

எல்லோருக்கும் வைத்ததையே அவனுக்கும் வைத்தேன். ஒரு மோட்டார் ஓடவில்லை. ஏன் என்று கண்டுபிடிக்க வேண்டும். ஃபியூஸை நானே பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டிருந்தேன். மெயின் சுவிட்சை ஆன் செய்தே வைத்திருந்தேன்.

அசோக் மோட்டாரைச் சுற்றி வந்தான்.

"இது எத்தனாவது எக்ஸ்பெரிமென்ட் மச்சான்... சார்?"

ஜனகராஜ் சிரித்துவிட்டார். "மோட்டார் என்ன, நம்பர் சொல்லிட்டா கெட்டுப்போகும் தம்பி?"

அவன் பேப்பர் கேட்டு வாங்கி சர்க்யூட் வரைந்தான். ஸ்கேல் வைத்து, சுற்றிலும் பார்டர் போட்டு. ஒரு தப்பும் இல்லை. பிறகு ஸ்டார்ட்டர் மூடியைக் கழற்றி உள்ளே விரலை வைத்தான். சுவிட்ச் பக்கம் திரும்பவே இல்லை.

"மெயின ஆஃப் பண்ணுனியா?"

"அத லேப் அட்டெண்டர் அண்ணேதான் பண்ணுவாரு. கனெக்‌ஷனும் அவருதான் குடுப்பாரு. நாங்க ரீடிங் எழுதுவோம்."

"நாலு வருசமும்?"

"எல்லாருக்கும் அப்படித்தான் மச்சான்."

பொய் சொல்லவில்லை. மற்றவர்களும் ஏறக்குறைய இதையேதான் செய்திருந்தார்கள்.

"பழகிக்குவான், விடுங்க. எடுத்துக்கலாமா?" என்றார் ஜனகராஜ்.

அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வேண்டாம் சார்."

அசோக் சர்ட்டிபிகேட் கவரை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தான்.

சாயங்காலம் மாமியார் போன் செய்தார்.

"அவ இருந்திருந்தா சேத்திருப்பீக."

சேர்த்திருப்பேனோ என்னவோ.

"கரண்ட நிறுத்தாம உள்ள கைய விடுறான் அத்தை. நான் ஃபியூஸப் பிடுங்கி வச்சிருந்தேன், பொழச்சான். தெனமும் யாரு பிடுங்கி வைப்பா? ஏற்கெனவே ஒரு பிள்ளையப் பறிகுடுத்துட்டீக."

 

"அப்ப கரண்டு இல்லாத வேலையாப் பாருங்க மாப்ள."

"பாக்குறேன் அத்தை," என்றேன்.

எலக்ட்ரிகல் இன்ஜினியருக்கு அப்படியொரு வேலையை எங்கே தேடுவது?