தகட்டைத் துடைத்தவர்

“நான் இன்னிக்கு என்ன செஞ்சேன்னு சொல்லு பாக்கலாம்?” என்று கேட்டபடி என் வீட்டுக்காரர் சமையலறை வாசலில் வந்து நின்றார். விரலெல்லாம் கறுப்பு, வாயெல்லாம் பல். கல்யாணமான நாளிலிருந்து வீட்டில் ஒரு துரும்பைக் கிள்ளிப் போடாத மனிதர் இப்படி வந்து நின்றால் சந்தேகம் வராதா?

“என்னத்த உடைச்சீங்க?”

“உடைக்கவா? உன் பொண்ணு சைக்கிளுக்கு எண்ணெய் போட்டேன். அவ மலைக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி ஸ்ப்ரே அடிச்சு, துணியால தேய்ச்சு, சும்மா பளபளன்னு ஆக்கிட்டேன்.”

லிஃப்ட் பழுதுபார்ப்பது என் வேலை. ஆள் ஏறுகிற எதுவானாலும் முதலில் பிரேக்கைத்தான் பார்ப்பேன். அதனால்தான் மகள் சிட்டுவின் மலைச் சைக்கிளைக் கடையில் கொடுப்பதில்லை. நேற்று பொழுதெல்லாம் பால்கனியில் உட்கார்ந்து, பழைய கம்பி பிரேக்கைக் கழற்றிவிட்டு, எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்கிற புது பிரேக்கை மாட்டினேன். குழாயில் ஒரு காற்றுக்குமிழிகூட மிஞ்சாமல் வெளியேற்றினேன். சக்கரத்தின் நடுவிலுள்ள இரும்புத் தகட்டை பேட் என்கிற பிரேக் கட்டைகள் இரண்டு பக்கமும் கவ்வினால்தான் வண்டி நிற்கும். அந்தத் தகட்டை ஸ்பிரிட்டால் துடைத்த பிறகு என் விரல்கூட அதில் படாமல் பார்த்துக்கொண்டேன்.

“செயினுக்கு மட்டும்தானே போட்டீங்க?”

“செயின், பல்சக்கரம், அப்புறம் ஓட்டை ஓட்டையா வட்டமா ஒரு தகடு இருக்கே, அது. முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு. எப்படித் துடைச்சிருக்கேன் தெரியுமா, மூஞ்சி பாக்கலாம்.”

அடுப்பை அணைத்தேன்.

“அதுல எண்ணெய் பட்டா பிரேக்கே பிடிக்காதுங்க.”

அவர் முகம் செத்துப்போயிற்று. “தெருமுனையிலயே அழுத்திப் பாத்திருப்பாளே? தெரிஞ்சிருக்குமே?”

அங்கேதான் எனக்கு உயிர் போனது. அழுத்தித்தான் பார்த்திருப்பாள். வழுக்கியிருக்கும். ஆனால் புது பேட் முதலில் சரியாகப் பிடிக்காது, போகப் போக வழிக்கு வந்துவிடும், பயப்படாதே என்று சொல்லி அனுப்பியவளே நான். அம்மா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவள் பாட்டுக்கு மலைமேல் மிதித்துக்கொண்டிருப்பாள். ஏறும்போது பிரேக்குக்கு என்ன வேலை? மேலே போய்த் திரும்பிக் காட்டுப்பாதையில் இறங்கும்போதுதான் தெரியும். அந்தப் பாதையில் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம்.

அவளுக்குப் போன் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது போனைத் தொடக்கூடாது என்பது நான் போட்ட சட்டம்தான். பாழாய்ப்போன சட்டம்.

காரை நான் ஓட்டினேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து திரும்பத் திரும்ப அவளை அழைத்துக்கொண்டிருந்தார். “போன வாரம் உங்கக்கா முன்னாடி என்னை எதுக்கும் உதவாதவன்னு சொன்னே இல்ல?” என்றார் திடீரென்று.

“அதுக்கு இந்தத் தகடுதான் கெடச்சுதா உங்களுக்கு?”

“திட்டு. எவ்வளவு வேணாலும் திட்டு. வண்டியை மட்டும் நிறுத்தாம ஓட்டு.”

ஓங்கி ஓர் அறை விடலாம் போலவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கண் மறைத்தால் ரோடு தெரியாதே என்று விழுங்கிக்கொண்டேன்.

அந்தப் பாதை அடிவாரத்தில் ஒரு சரளைத் திடலில் வந்து முடிகிறது. அதற்குமேல் கார் போகாது. அப்போதுதான் இறங்கி வந்திருந்த ஒருவர் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“மேல பச்சைச் சட்டை போட்ட பொண்ணைப் பாத்தீங்களா?” என்று அவரிடம் கேட்டேன்.

“எனக்குப் பின்னாடியேதான் கிளம்பினாங்க.”

சொல்லி வாய் மூடவில்லை, மரங்களுக்குள்ளிருந்து ஓர் ஊளை கேட்டது. நீளமாக, காதைக் குடைகிற மாதிரி.

“என்ன சத்தம் அது?” என்றார் என் வீட்டுக்காரர்.

“பிரேக். எண்ணெயோட தேயுது. அவதான் அழுத்தறா.”

அந்தச் சத்தம் கேட்கிறவரை என் பிள்ளை வண்டிமேல் இருக்கிறாள் என்று அர்த்தம். கேட்கட்டும், கேட்டுக்கொண்டே இருக்கட்டும் என்று நின்றேன். ஊளை இறங்கி இறங்கி வந்து, சட்டென்று நின்றுபோயிற்று. பிறகு சரளைக் கற்கள் தெறிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. அது குறையவில்லை, கூடிக்கொண்டே வந்தது. பிரேக் அடியோடு விட்டுவிட்டது, வண்டி நிற்காமல் வருகிறது.

அவர் வீட்டுச் செருப்போடு பாதையில் ஏறி ஓடினார். வளைவுக்குக் கீழே, நட்டநடுவில், காலை அகட்டிக் கையிரண்டையும் விரித்துக்கொண்டு நின்றார்.

“தள்ளி நில்லுங்க! இடிச்சிடுவா!”

“இடிக்கட்டும். பாறையில போய் மோதறதுக்கு என் தொப்பையில மோதட்டும்.” திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

நானும் ஓடினேன். அவருக்குப் பின்னால் போய், முதுகில் என் தோளை முட்டுக்கொடுத்து, சரளையில் குதிகாலை ஊன்றிக்கொண்டேன். அவர் நெஞ்சு அடித்துக்கொள்வது முதுகு வழியாக என் காதில் கேட்டது. மேலே, வளைவில், பச்சைச் சட்டை தெரிந்தது.