நல்ல மண் என்று நம்பிய கொல்லை

பேட்டரிப் பட்டறைக்குப் பின்தெருவில் ஒரு நத்தையைக் கடப்பாரை போட்டு நெம்பியும் இரண்டு ஆட்களால் அசைக்க முடியவில்லை. கட்டைவிரல் பருமன்தான் இருந்தது. மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் பெண், ஊர் வைத்த பெயரில் நத்தைக்காரி, அதன் பக்கத்தில் குந்தி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அது கிடந்தது அவளுடைய தங்கை வீட்டுக் கொல்லையில்.

அவள் வேலை இதுதான். கூடத்தில் வளர்த்த நத்தைகளைக் கூண்டில் போட்டு வீட்டுக்கு வீடு மண்ணில் வைப்பாள். மண்ணில் ஈயம் இருந்தால் நத்தை அதைத் தின்று உடம்பிலேயே சேர்த்துக்கொள்ளும். மனிதர்களைப் போல மறைக்கத் தெரியாது. ஒரு மாதம் கழித்து எடுத்து, வயிறு காலியாகும்வரை பட்டினி போட்டு, நல்ல மண்ணில் இருந்த நத்தையோடு ஒப்பிட்டுப் பார்ப்பாள். நல்ல மண்ணுக்கு அவள் நம்பியது தங்கையின் கொல்லையை. அந்த வீட்டைப் பார்த்துக் குடிவைத்ததே அவள்தான். செடிகொடி தழைத்திருந்ததால் சந்தேகமே வரவில்லை. ஆனால் வீடு எழும்புமுன் பட்டறைக்காரர்கள் ஈயக் கசடைப் புதைத்தது அங்கேதான். கெட்டதைக் கெட்டதோடு வைத்துப் பார்த்தால் குறை எங்கே தெரியும்? வருஷக்கணக்கில் எல்லாத் தெருவுக்கும் நல்ல பேர் கிடைத்தது, பட்டறையும் புகைவிட்டுக்கொண்டே இருந்தது.

அதே வாரம் தங்கை ஓடிவந்தாள். "அக்கா, பாப்பாவத் தூக்க முடியலக்கா."

"சோத்த அள்ளி அள்ளிப் போட்டா அப்படித்தான்" என்று சிரித்த பக்கத்து வீட்டுக்காரி, தானும் தூக்கிப் பார்த்தாள்; பிள்ளை தரையைவிட்டு எழும்பவில்லை. மண் தின்னும் நாலு வயதுப் பிள்ளை, குச்சிபோல் இருந்தது. வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்த டாக்டருக்கு, அந்தச் சின்னக் குப்பியைத் தூக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. ஈயம் என்றார்.

"நான் சொல்லித்தானே இந்த வீட்டுக்கு வந்தீங்க" என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

"தெரிஞ்சா செஞ்ச? அழாத. பாப்பா பக்கத்துல வந்து உக்காரு" என்றாள் தங்கை.

அதைவிடத் திட்டியிருக்கலாம்.

பட்டறையை மூடினார்கள், மண்ணை வண்டி வண்டியாக வாரிப் போனார்கள். தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன? மற்ற தெருக்களிலும் பிள்ளைகள் கனத்துப்போனார்கள். மெதுவாக நடந்தார்கள், பேச்சு பின்தங்கியது. இப்போது அந்தப் பகுதியில் பிள்ளையை இடுப்பில் வைக்கும் பழக்கமே கிடையாது. பிள்ளை அழுதால், கடைவாசலோ பேருந்து நிறுத்தமோ, தாய் பையைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் படுத்து அணைத்துக்கொள்கிறாள். போகிறவர்கள் சுற்றிக்கொண்டு போகிறார்கள்.