கால்குலஸில் ஒரு பி

பள்ளியில் கல்லூரி ஆலோசகர் ப்ரூயிட்டின் அறையில் டெல்லாவும் அவள் அம்மா கொலீனும் உட்கார்ந்திருந்தார்கள். வெர்மான்ட் மாநிலத்தில், தங்கிப் படிக்க வேண்டிய ஒரு கல்லூரிக்கு முன்கூட்டி விண்ணப்பிக்க அன்றுதான் கடைசி நாள். முன்கூட்டிக் கேட்பது விளையாட்டுக் காரியம் இல்லை. இடம் கிடைத்தால் அங்கேதான் சேருவேன் என்று பிள்ளை, பெற்றோர், பள்ளி எல்லாரும் கையெழுத்துப் போட்டாக வேண்டும். டெல்லாவுக்கு அந்த ஒரு கல்லூரியைத் தவிர வேறு நினைப்பே கிடையாது.

"இதுவரைக்கும் எல்லாத்துலயும் ஏ. இந்தப் பருவத்துல மட்டும் கால்குலஸ்ல பி, கெமிஸ்ட்ரில பி மைனஸ்," என்றார் ப்ரூயிட். "இந்த மார்க்கும் அங்க போகும். ஏன் குறைஞ்சுதுன்னு என் கடிதத்துல ரெண்டு வரி எழுதினா காது கொடுத்துக் கேப்பாங்க. என்னம்மா ஆச்சு?"

"சோம்பேறித்தனம்."

"அதை நானே எழுதி அனுப்பினா விளங்கிடும். வீட்டுல ஏதாவது..."

"வீட்டுல ஒண்ணும் இல்ல."

பச்சைப் பொய். செப்டம்பரிலிருந்து வீட்டுப் பாரத்தை இழுத்துக்கொண்டிருந்தவளே அவள்தான். தங்கை பர்டிக்கு மாக்கரோனி வேகவைத்துக் கொடுத்து, மதுக்கடையிலிருந்து அம்மாவைக் காரில் ஏற்றி வந்து, ஷூவைக் கழற்றிப் படுக்க வைத்தால், அப்புறம் எங்கே கால்குலஸ் போடுவது? அம்மாவைக் காட்டிக்கொடுத்து வாங்கும் இடம் அவளுக்கு வேண்டாம். ஆனால் அந்த இடம் வேண்டும். அதுதான் கொடுமை.

கொலீன் கோட்டைக்கூடக் கழற்றாமல் அதன் பித்தானைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"நான் குடிக்கிறேன்," என்றாள்.

"அம்மா, சும்மா இரு."

"நீ வாயை மூடிட்டு இருந்தது போதும்டி." ப்ரூயிட் பக்கம் திரும்பினாள். "என்னையும் சின்னவளையும் இவதான் பாத்துக்கறா. எழுதுங்க."

ப்ரூயிட் கணினியில் கடிதத்தைத் திறந்தார். "குடும்பத்துல ஒருத்தருக்கு உடம்பு சரியில்லன்னு எழுதறேன். இப்ப தேறிட்டாங்கன்னு சேத்துக்கட்டுமா? அப்பதான் இனிமே மார்க் குறையாதுன்னு காலேஜ்ல நம்புவாங்க."

டெல்லா அம்மாவையே பார்த்தாள். ஆமான்னு சொல்லித் தொலையேன் என்று மனசு அடித்துக்கொண்டது.

"தேறல. நேத்தும் குடிச்சேன்," என்றாள் கொலீன்.

"அப்போ நான் போயிட்டா பர்டியை யாரு பாப்பாங்க?" என்றாள் டெல்லா.

"நீ இருக்கிற வரைக்கும் நான் நிறுத்தமாட்டேன் டெல்லா. அதான் நீ எல்லாத்தையும் பாத்துக்கறியே. நீ போனா பர்டியை நான்தான் பாத்தாகணும். கையெழுத்து எங்க போடணும், மிஸ்டர் ப்ரூயிட்?"

அவர் கணினியை அவள் பக்கம் திருப்பினார். பெயரை அடித்தால் போதும், அதுவே கையெழுத்து. கொலீன் பெயரை அடித்தாள். இரண்டு தடவை தப்பாக விழுந்தது.

டெல்லா அம்மாவின் விரலைப் பிடித்துச் சரியான எழுத்தின் மேல் வைத்தாள்.